வேலை முடிந்த சொற்கள் போகும் இடம்

வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறோம். கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய சாரம் உண்டு என்பதை அறிவீர்களா?

பொறியை இயக்கியவுடன், இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னல் நினைவகத்தில் வந்து அமர்கிறது. நினைவகம் எவ்வளவு, வட்டு எங்கே என்று சோதித்து, கண்டறிந்ததைத் திரையில் எழுதுகிறது. அச்சோதனைக்கான கட்டளைகளும் வாசகங்களும் பொறியை மறுபடி தொடங்கும்வரை தேவையில்லை. அவை அடைத்திருக்கும் இடத்தை மீட்பது எப்படி?

1975இல் ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறிக்காக பில் கேட்ஸ், பால் ஆலன், மான்டி டேவிடாஃப் ஆகியோர் பேசிக் மொழியை அமைத்தனர். அதன் சிறிய வடிவம் 4,096 பைட் நினைவகத்திலேயே இயங்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அது, நினைவகம் எவ்வளவு, சைன் சார்பு வேண்டுமா என்று சில கேள்விகள் கேட்கும். அக்கேள்விகளை நிரலின் கடைசியில் வைத்திருந்தனர். பதில் கிடைத்ததும் அவ்விடம் பயனாளரின் நிரலுக்குக் கிடைத்துவிடும்.

லினக்ஸ் கெர்னலை 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். 1999 ஜனவரியில் வெளியான அதன் 2.2 பதிப்பில் இவ்வழக்கம் ஒழுங்கான முறையாக இடம்பெற்றிருந்தது. தொடக்கத்துக்கு மட்டுமே உரிய செயற்கூறுகளின்மேல் நிரலாளர் ஓர் அடையாளம் இடுவார். அடையாளமிட்டவை தனிப் பகுதியில் திரட்டப்படும். தொடக்க வேலை முடிந்ததும் அப்பகுதி முழுவதும் விடுவிக்கப்படும்.

ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியது. அந்த அடையாளம் கட்டளைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். செயற்கூற்றினுள் மேற்கோள் குறிகளுக்கிடையே எழுதிய வாசகங்களை, நிரல்பெயர்ப்பி பொதுவான வேறொரு பகுதியில் வைத்துவிடும். சாரக் கம்பங்கள் போய்விட்டன. அவற்றைக் கட்டிய கயிறுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன!

கணக்கிட்டுப் பாருங்கள். 40 ஆங்கில எழுத்துகள் கொண்ட வாசகம், இறுதிக் குறியுடன் 41 பைட். அத்தகைய ஆயிரம் வாசகங்களுக்கு 41,000 பைட் ஆகும். 4 மெகாபைட் நினைவகத்தில் இது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு.

அப்படியானால் எல்லா வாசகங்களையும் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. திரையில் எழுதியதோடு சில வாசகங்களின் வேலை தீர்ந்துவிடும். ஒரு கருவியின் பெயரைப் போன்ற வாசகத்தின் முகவரியையோ கெர்னலின் வேறொரு பகுதி குறித்து வைத்திருக்கும். அதை விடுவித்தால், பின்னர் அம்முகவரியில் வேறு ஏதோ இருக்கும், பொறியே நின்றுபோகலாம்.

2014இல் ஒவ்வொரு வாசகத்துக்கும் அடையாளமிடும் யோசனை முன்வைக்கப்பட்டது. சில கிலோபைட்டுக்காக நிரலைப் படிப்பதே கடினமாகும் என்ற மறுப்பும் எழுந்தது. 2016இல், இத்தகைய வாசகங்களைத் தானே கண்டறிந்து பிரிக்கும் நிரல்பெயர்ப்பித் துணைக்கருவி ஒன்று முன்மொழியப்பட்டது.

பல ஜிகாபைட் கொண்ட பொறிகளுக்கு இது அற்பம். நினைவகம் குறைந்த சிறு கருவிகளுக்கு அப்படியன்று. ஒன்றை நீக்குவதற்கு முன், அதை இன்னும் யார் நம்பியிருக்கிறார் என்று அறிய வேண்டும். கடினமான பகுதி அதுவே.