எழுத்தா, உட்பொருளா?
யூபிலி ஆண்டில் ஒரு வரலாற்றுச் சிந்தனை



யூபிலி விழா ஏற்பாடுகளைப் பற்றிப் பேச ஒரு மாலையில் கூடியிருந்தோம். கொடிமரத்துக்கு வர்ணம், சப்பர அலங்காரம், அசன விருந்துக்கு அரிசி, இம்மலருக்கு விளம்பரம் என ஒவ்வொன்றாக முடிவாகிக்கொண்டிருந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து முதிய விவசாயி ஒருவர் எழுந்தார்.

"சாமி, யூபிலி வருஷத்துல கடனெல்லாம் தள்ளுபடி, கைவிட்டுப் போன நிலமெல்லாம் திரும்ப வந்துரும்னு வேதத்துல இருக்காமே. நம்ம யூபிலிக்கு யாரு சாமி தள்ளுபடி பண்ணப் போறா?"

கூட்டம் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு சிரிப்பு அடங்கிய பின்னும் அக்கேள்வி அடங்கவில்லை. வேதத்தின் சட்டங்களை எழுத்துப்படி கடைப்பிடிக்க வேண்டுமா, அவற்றின் உட்பொருளைக் கொண்டால் போதுமா? அப்பெரியவர் தம்மை அறியாமலே கேட்ட கேள்வி இதுதான். திருச்சபை தோன்றிய நாள் முதல் இக்கேள்வி இருந்து வருகிறது. அதன் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது இவ்விழா நாளுக்குப் பொருத்தமாகும்.

யூபிலியின் எழுத்து

'யூபிலி' என்னும் சொல், ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தின்படி, ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி விடுதலையை அறிவிக்க வேண்டும். விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றவன் விடுதலையாகி வீடு போய்ச் சேர வேண்டும். நிலத்தின் விலையைக்கூட, அடுத்த யூபிலிக்கு எத்தனை மகசூல் மீதியிருக்கிறது என்று எண்ணித்தான் போட வேண்டும். நம் பக்கத்து ஒத்தியைப் போல, கைமாறுவது விளைச்சலேயன்றி நிலமன்று. நிலம் இறைவனுடையது என்பது அச்சட்டத்தின் அடித்தளம். கடன் தள்ளுபடியோ உபாகமம் 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஏழாம் ஆண்டுச் சட்டம். பெரியவர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டார்; ஆனால் இரண்டின் நோக்கமும் ஒன்றே.

இந்த ஏழாம் ஆண்டுச் சட்டத்துக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். தள்ளுபடி ஆண்டு நெருங்க நெருங்க, பணமுள்ளவர்கள் ஏழைக்குக் கடன் கொடுக்க மறுத்தார்கள். இயேசு பிறப்பதற்குச் சற்று முன் வாழ்ந்த யூத அறிஞர் இல்லேல், கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்தால் அக்கடன் தள்ளுபடிக்கு உட்படாது என்று ஏற்பாடு செய்தார். ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்பதே அவரது நோக்கம். நோக்கம் நல்லது, ஆனால் அதனால் தள்ளுபடியே மறைந்து போகவும் வழி திறந்தது. எழுத்தைத் தளர்த்துவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு இது முதல் பாடம்.

கிறிஸ்தவ யூபிலி 1300-ஆம் ஆண்டில் பாப்பரசர் எட்டாம் பொனிப்பாசு காலத்தில் தொடங்கியது. நூறாண்டுக்கு ஒருமுறை என்றிருந்ததை ஆறாம் கிளமெந்து ஐம்பதாக்க, 1350-இல் இரண்டாம் யூபிலி நடந்தது. பின்னர் இரண்டாம் சின்னப்பர் அதை இருபத்தைந்தாக்கினார். கடன் தள்ளுபடி, பாவத் தண்டனைத் தள்ளுபடியாகப் பொருள் பெற்றது. ஆயினும் பழைய பொருள் செத்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டு யூபிலியை முன்னிட்டு இரண்டாம் அருள் சின்னப்பரும், 2025-ஆம் ஆண்டு யூபிலியை முன்னிட்டுப் பாப்பரசர் பிரான்சிசும், ஏழை நாடுகளின் கடன்களைத் தள்ளும்படி செல்வ நாடுகளிடம் வேண்டினார்கள்.

யெருசலேமும் நம் அசன விருந்தும்

கி.பி. 50-ஐ ஒட்டி அப்போஸ்தலர்கள் யெருசலேமில் கூடினார்கள். புறவினத்தாராயிருந்து மனந்திரும்பியவர்கள் விருத்தசேதனம் பெற்று மோயீசனின் சட்டம் முழுவதையும் சுமக்க வேண்டுமா என்பது வழக்கு. இராயப்பர் பேசினார், சின்னப்பரும் பர்னபாவும் தங்கள் பணியை விவரித்தார்கள், யாகப்பர் முடிவை முன்மொழிந்தார். விருத்தசேதனம் வேண்டுவதில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், கழுத்து நெரித்துக் கொன்றதன் இறைச்சி, ஒழுக்கக்கேடு ஆகிய நான்கையும் விலக்கச் சொன்னார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இரத்தம் உண்ணலாகாது என்பது அப்போஸ்தலர்களின் கட்டளை. ஆனால் நம் ஊர்களில் கிடா வெட்டினால் இரத்தப் பொரியல் இல்லாமல் பந்தி நிறைவதில்லை. அப்படியானால் நாம் அப்போஸ்தலர்களை மீறிவிட்டோமா? இதற்கு 1442-இல் புளோரன்சு பொதுச்சங்கம் விடை தந்தது. யூதரும் புறவினத்தாரும் ஒரே பந்தியில் மனக்கசப்பின்றி உட்கார வேண்டியிருந்த காலத்துக்கு அக்கட்டளை தேவைப்பட்டது. அந்தக் காரணம் ஒழிந்தபின் கட்டளையும் ஒழிந்தது என்பதே அதன் கருத்து.

காரணம் ஒழிந்தால் எழுத்தும் ஒழிகிறது. நல்லது. ஆனால் பந்தியில் சகோதரனுக்கு மனக்கசப்பு உண்டாக்கக் கூடாது என்ற உட்பொருள் ஒழிந்ததா? இரத்தப் பொரியலை உண்ணும் உரிமையைப் பெற்றுக்கொண்டு, பக்கத்தில் இன்னார் உட்காரலாகாது என்று நினைப்பவன் அப்போஸ்தலர்களின் கட்டளையை இன்றும் மீறியவனே.

நாசரேத்தில் எழுந்த குரல்

தாமிரபரணிக்குத் தெற்கே, நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே நடந்த ஒரு வரலாற்றை இனிக் காண்போம். இது நம் பிரிந்த சகோதரர்களின் வரலாறு; அன்போடும் மரியாதையோடும் எழுதுகிறோம்.

சாயர்புரம் குருமடத்தில் பயின்று, நாசரேத் பகுதியில் ஆங்கிலிக்கன் மிஷனில் உபதேசியாராய் இருந்தவர் அருமைநாயகம். சட்டாம்பிள்ளை என்ற பெயரால் அறியப்பட்டவர். அங்கிருந்த ஐரோப்பிய மிஷனரியோடு ஏற்பட்ட பிணக்கில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே காலத்தில், 1849-இல், கால்டுவெல் வெளியிட்ட ஒரு நூல் தங்கள் குலத்தை இழிவுபடுத்துவதாக நாடார் கிறிஸ்தவர்கள் பலர் மனம் புண்பட்டிருந்தார்கள். 1857-இல் சட்டாம்பிள்ளையும் அவரைச் சார்ந்தோரும் மிஷனை விட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டார்கள். வெளிநாட்டுப் பணமும் ஐரோப்பியர் தலைமையும் வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் கையில் எடுத்தது பழைய ஏற்பாட்டின் எழுத்து. ஞாயிற்றை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டார்கள். தரையில் விழுந்து வணங்கினார்கள், தூபம் காட்டினார்கள், யூதர்களின் பண்டிகைகளைக் கொண்டாடினார்கள், லேவியராகமத்தின் தீட்டுச் சட்டங்களையும் கைக்கொண்டார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்தது கலப்படம். வேதம் எழுதப்பட்டபடியே நிற்கிறது. அந்த எபிரேய வழக்கங்கள் வெள்ளையர் வழக்கத்தைவிடத் தமிழர் வழக்கத்துக்கே நெருக்கமானவை என்பது அவர்கள் வாதம்.

நாங்கள் குருமடத்தில் பயின்ற நாட்களில் இதை ஒரு விநோதச் செய்தியாகக் கேட்டுச் சிரித்ததுண்டு. இன்று சிரிக்கத் தோன்றவில்லை. சனிக்கிழமையைப் பிடித்துக்கொண்டதில் அவர்கள் தவறியிருக்கலாம். உயிர்ப்பின் நாளாகிய ஞாயிற்றைத் திருச்சபை கொண்டாடுவதற்குத் தகுந்த காரணம் உண்டு. ஆனால் அந்த எழுத்தின் பின்னே நின்ற உட்பொருளைப் பாருங்கள். இறைவன் முன் எல்லோரும் சமம். அவரை அண்ட எந்த வெள்ளைத் துரையின் அனுமதியும் வேண்டாம் என்னும் தன்மானம் அது. எழுத்தைப் பிடித்தவர்கள் எல்லோரும் பரிசேயர் அல்லர். சில வேளைகளில் எளியவனுக்குக் கிடைத்த ஒரே ஊன்றுகோல் எழுத்துதான்.

புதுச்சேரியில் பிறந்த ஆணை

பிறர் கதையைச் சொல்லிவிட்டு நம் கதையை மறைப்பது நேர்மையன்று. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவனாவதற்குத் தமிழன் தன் நடையுடைகளைக் கைவிட வேண்டியதில்லை என்றார். பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி 1623-இல் அதற்கு இசைவளித்தார். உட்பொருளைக் கொண்டு எழுத்தைத் தளர்த்திய பெருமுயற்சி அது. நம் காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் பணியாற்றியதும் அந்த மதுரை மிஷனின் வழியில்தான்.

ஆனால் 1703-இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704-இல் பதினாறு கட்டளைகள் கொண்ட ஆணையொன்றைப் பிறப்பித்தார். ஞானஸ்நானத்தில் எச்சிலைத் தொட்டு வைக்கும் சடங்கைத் தமிழர் அருவருத்ததால் குருக்கள் அதை விட்டுவந்தார்கள், விடக்கூடாது என்றார். இயேசு செவிடனைக் குணமாக்கிய நிகழ்ச்சியிலிருந்து வந்த சடங்கல்லவா என்பது உரோமையின் எண்ணம். படிக்கும்போது எழுத்தைக் கட்டி அழும் ஆணையாகவே தோன்றும். 1969-இல் வந்த ஞானஸ்நானச் சடங்கு முறையில் எச்சில் இல்லை. செவியையும் வாயையும் தொட்டுச் செபிப்பதே போதுமென்றாயிற்று. எழுத்து போய் உட்பொருள் நின்றது.

ஆனால் அதே ஆணையில் இன்னொரு கட்டளையும் உண்டு. நோயுற்ற பறையர் மக்களுக்குக் குருக்கள் அவர்கள் வீட்டுக்குள் சென்றே தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்பது அது. நாட்டு வழக்கத்தை அனுசரித்தல் என்ற உயர்ந்த கொள்கையின் நிழலில், சாகக் கிடப்பவனின் வாசலுக்கு வெளியே குரு நிற்கும் அவலமும் வளர்ந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டியது எழுத்துப் பிடிவாதக்காரர் என்று நாம் சொல்லும் தூர்னோனின் ஆணைதான். 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இவ்வழக்கை முடித்து வைத்தபோது, இம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். அதுவும் பாதி வழிதான். மீதி வழியை நாம் நடந்து முடித்துவிட்டோமா என்பதை நம் கல்லறைத் தோட்டங்களும் சப்பரம் போகும் தெருக்களும் சொல்லும்.

திரிகைக் கல்

இவ்வரலாறுகளிலிருந்து நாம் கற்பது என்ன? ஒரு சட்டத்தைக் கண்டால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இது யாரைக் காக்க வந்தது? அவர் இன்னும் ஆபத்தில் இருக்கிறாரா? ஆபத்து நீங்கியிருந்தால் எழுத்தை விட்டுவிடலாம். நீங்கவில்லையென்றால் சட்டம் பழையதாகிவிட்டது என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்று உபாகமம் 24-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. அது போனால் அன்றைய மாவும் போயிற்று, உயிரும் போயிற்று. இன்று நம் வீடுகளில் திரிகை எங்கே? மிக்சியும் கிரைண்டரும் வந்துவிட்டன. எழுத்தின்படி அச்சட்டத்துக்கு இனி வேலையில்லை. ஆனால் கரிசல் ஊர்களில், மழை பொய்த்துப் பருத்தியும் உளுந்தும் கருகிய ஆண்டுகளில், கடனுக்கு ஈடாக ரேஷன் கார்டையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொள்வோர் உண்டு. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் பெண்ணின் கூலி வங்கியில் விழுந்ததும் வேறொருவர் கை அதை எடுக்கிறது. அந்தக் கார்டுதான் இன்றைய திரிகை.

வட்டியின் கதையும் அப்படியே. ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்கலாகாது என்பது யாத்திராகமத்தின் எழுத்து. முன்சொன்ன பதினான்காம் ஆசீர்வாதப்பரே 1745-இல் இதுபற்றியும் சுற்றுமடல் எழுதி, கடன் கொடுத்தேன் என்ற ஒரே காரணத்துக்காக ஆதாயம் தேடுவதைக் கண்டித்தார். பணம் தொழிலுக்கு முதலாக மாறிய 19-ஆம் நூற்றாண்டில், சட்டம் அனுமதித்த மிதமான வட்டி வாங்குவோரைப் பாவசங்கீர்த்தனத்தில் வருத்த வேண்டாம் என்று குருக்களுக்கு வழிகாட்டப்பட்டது. எழுத்து தளர்ந்தது. உட்பொருள்? 2003-இல் தமிழ்நாடு அரசு கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதன் பின்னும், 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமையைப் பலமுறை முறையிட்டும் பயனில்லை என்று, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரு பெண் குழந்தைகளோடும் தீக்கிரையானார். நால்வரும் மாண்டனர்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நாம் பணியாற்றியபோது, கோவில் பொதுப்பணத்தை வட்டிக்கு விடும் வழக்கம் இருந்தது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். வெளியாரை விடக் குறைவுதானே, வருமானம் திருவிழாவுக்குத்தானே என்று நாமும் கணக்கில் கையெழுத்திட்டோம். ஒரு கைம்பெண் வட்டி கட்ட முடியாமல், திருவிழா அன்று கோவிலுக்கு வர வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். அவ்வாண்டு சப்பரம் மிக அழகாக இருந்தது. உட்பொருள் போதும் என்று சொல்லிக்கொண்டு இரண்டையும் விட்டவர்கள் நாம்.

இயேசு சட்டத்தை இலேசாக்க வரவில்லை. கொலை செய்யாதிருந்தால் போதாது, சினத்தையும் விடு என்றார். புதினாவுக்கும் சீரகத்துக்கும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் மறந்தவர்களைக் கடிந்தார். ஆகவே உட்பொருளைப் பின்பற்றுவது என்பது எழுத்தைவிடப் பாரமானது. எழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஐம்பதாம் ஆண்டு வரை காத்திருக்கலாம். உட்பொருளோ இன்றைக்கே கேட்கிறது.

எனவே விழாக்குழுவினருக்கும் பங்கு மக்களுக்கும் நம் வேண்டுகோள் இது. நம்மில் யாரிடமாவது பிறருடைய கார்டோ பாஸ்புக்கோ ஈடாக இருக்குமானால், கொடியேற்றத்துக்கு முன் அதைத் திருப்பிக் கொடுங்கள். முதலுக்கு மேல் வட்டி வாங்கி முடித்தவர்கள் பத்திரத்தைக் கிழித்துப் போடுங்கள். கோவில் பணம் ஒரு ரூபாயும் இனி எந்தக் காலத்திலும் வட்டிக்குப் போகாது என்று விழாத் திருப்பலியில் நாம் எல்லோரும் சேர்ந்து வாக்களிப்போம்.

எப்போதும்வென்றான் என்று பெயர் கொண்ட ஊர் இது. ஆனால் வானம் பார்த்த இப்பூமியில் கடன்தான் பலரை எப்போதும் வென்றுவருகிறது. இந்த யூபிலியில் ஒரு வீட்டிலாவது அது தோற்கட்டும். அந்தப் பெரியவர் அடுத்த கூட்டத்திலும் பின்வரிசையில்தான் உட்காருவார். அவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களிலும் கரிசல் காடுகளிலும் நிறைவதாக.

கிறிஸ்துவில் உங்கள் அன்புள்ள,
பங்குத்தந்தை