எறிதட்டின் பறப்புப் படம்

கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1830-இல் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது என்று அதில் எழுதியுள்ளார். தேர்ந்த கையில் வளரி 100 கஜத்துக்குள் குறி தவறாது என்பது அவருடைய சாட்சியம். அந்தச் சின்ன மருதுவைத்தான் 1801-இல் கம்பெனியார் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். அப்போரில் வெல்ஷ் இருந்தது எதிர்ப்படையில்!

மரத்தாலும் தந்தத்தாலும் ஆன வளரிகள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆயினும் அவற்றில் எது நேரே செல்லும், எது வளையும் என்று பார்த்தமாத்திரத்தில் சொல்ல இயலுமா? எறிந்தவர் கைக்குத் தெரிந்தது கையோடு போயிற்று.

எறிபொருளின் பறப்பைத் தாளில் எழுதிவைக்கும் முயற்சியை, நம் காலத்தில், ஒரு விளையாட்டில் காண்கிறோம். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ‘ஃபிரிஸ்பி’ என்பவரின் ரொட்டிக்கடைத் தகரத் தட்டுகளை மாணவர்கள் வீசி விளையாடினர் என்பது வழிவழிச் செய்தி. 1948-இல் ஃபிரெட் மோரிசன் பிளாஸ்டிக்கில் தட்டு வார்த்தார். 1957-இல் ‘வாம்-ஓ’ நிறுவனம் அவருடைய தட்டை விற்பனைக்குக் கொணர்ந்தது. அந்நிறுவனத்தின் எட் ஹெட்ரிக், தட்டின் மேற்புறத்தில் வட்ட வரம்புகள் அமைத்து 1967-இல் காப்புரிமை பெற்றார். 1975-இல் கலிபோர்னியாவில் எறிதட்டுக் கோல்ஃப் ஆடுகளத்தையும் அமைத்தார். இதில் குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. 2002-இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே, சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். பித்து என்றால் இதுவல்லவா பித்து!

1983-இல் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் சீவிய தட்டை உருவாக்கினார். காற்றைக் கிழித்து விரைந்த இத்தட்டுக்குப் பின் வகைகள் பெருகின. எதை வாங்குவது? இங்கேதான் பறப்புப் படம் உதவிக்கு வந்தது. எறிபவர் அடியில் நிற்பதாகக் கொண்டு, தட்டு செல்லும் வழியை மேல்நோக்கி வரைவர். உயரம் தொலைவைக் காட்டும். பக்க விலகல் வளைவைக் காட்டும். கூடவே நான்கு எண்கள்: வேகம், மிதப்பு, திரும்பல், சாய்வு.

பின்னிரண்டும் இயற்பியல் மாணவர்க்கு விருந்து. வலக்கையால் புறங்கை வீச்சாக எறிந்த தட்டு, மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. காற்றின் தூக்குவிசை தட்டின் ஈர்ப்பு மையத்தில் சரியாக அமைவதில்லை. வேகம் மிகுந்த தொடக்கத்தில் அவ்விசை சற்றுப் பின்னே அமைந்தால், தட்டின் மூக்கைக் கீழே அழுத்தப் பார்க்கும். சுழலாத தட்டாயின் கவிழ்ந்துவிடும். சுழலும் தட்டோ, பம்பரத்தைப் போல், தள்ளிய திசைக்குச் செங்குத்தாகச் சாயும். ஆகவே வலப்புறம் திரும்புகிறது. வேகம் குறைந்ததும் விசை முன்னே நகர்ந்து மூக்கைத் தூக்க முயலும். உடனே சாய்வு மாறி, தட்டு இடப்புறம் சென்று இறங்கும். இடக்கைக்காரருக்கு இவையெல்லாம் தலைகீழ்.

‘திரும்பல் -3’ என்றால் வலப்புறம் நன்கு வளையும் தட்டு. ‘சாய்வு 3’ என்றால் முடிவில் இடப்புறம் வலுவாக இழுக்கும். ‘வேகம் 12’ என்பது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பொருள்படாது. அத்தட்டு தன் வழியில் பறக்க அவ்வளவு விரைவாக எறியப்பட வேண்டும் என்பதே பொருள். இதை அறியாத புதியவர், பெரிய எண் நல்லதென்று 12-ஐ வாங்கி மெதுவாக எறிவார். தட்டு திரும்பல் கட்டத்தையே எட்டாமல் இடப்புறம் சரிந்து விழும். அவருக்கு 4 அல்லது 5 போதும். அதுவே அதிகத் தொலைவும் செல்லக்கூடும்.

இன்னொன்று: இவ்வெண்களை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே இடுகின்றனர். வோல்ட்டையும் கிராமையும் போன்ற பொது அலகு இல்லை. ஒருவரின் 7 மற்றவரின் 7 ஆகாது. ஒரே தயாரிப்பாளரின் தட்டுகளை ஒப்பிடவே எண்களை நம்பலாம்.

எனவே நீங்களே வரைந்து பாருங்கள். எங்கள் சிறுவாச்சூர்ப் பக்கம் மக்காச்சோளம் அறுத்த காடு எத்தனையோ உண்டு. காற்றில்லாத காலையில், எறியும் இடத்திலிருந்து நேரே ஒரு கயிறு கட்டுங்கள். ஒரே தட்டை இருபது முறை எறிந்து, விழுந்த தொலைவையும் கயிற்றிலிருந்து விலகலையும் அளந்து கட்டத்தாளில் புள்ளியிடுங்கள். தேதியையும் எழுதுங்கள்; விளிம்பு தேயத் தேய, அதே தட்டு மேலும் மேலும் வலப்புறம் திரும்பத் தொடங்கும்.