சீமைக் கருவேலம்: பரவிய வரலாறு

சீமைக் கருவேலம் மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடபகுதி வரையிலும் கரீபியத் தீவுகளிலும் இயற்கையாக வளரும் முள்மரம். வேலிக்காத்தான், வேலிக்கருவை என்றும் வழங்கும். நம் நாட்டுக் கருவேலத்துக்கு இது தூரத்து உறவுதான்; முள்ளைப் பார்த்து வைத்த பெயர்.

காமராசர் ஆட்சியில் விதை தூவப்பட்டு வந்த மரம் என்று ஊர்ப்புறங்களில் ஒரு பேச்சு உண்டு. மரமோ அவர் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. ஜமைக்காவிலிருந்து வரவழைத்த விதைகள் 1877இல் சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில், கமலாபுரத்தில் நடப்பட்டன. விதை கேட்டவர் வன அதிகாரி பெடோம், நோக்கம் விறகு. ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் இதற்கு அரச மரியாதையே தந்தது. கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியில் உவர் நிலம் முன்னேறாமல் தடுக்க 1960களில் நட்டார்கள். அங்கே இப்போது அதன் பெயர் 'காண்டோ பாவல்', அதாவது பைத்தியக்காரக் கருவேலம்.

நட்டது கொஞ்சம், பரப்பியது கால்நடை. இதன் இலையை ஆடு சீண்டாது, நெற்றை விடாது. மஞ்சளாகப் பழுத்த நெற்றின் சதை இனிக்கும். உள்ளே விதை கெட்டியான கூட்டுக்குள் இருக்கும். ஆடு மென்று கொஞ்சம் விதையையாவது அழிக்கும். மாடு அப்படியே விழுங்கிவிடும். குடலின் சூட்டிலும் அமிலத்திலும் ஊறி மேலோடு இளகிய விதை, சாணத்தோடு வேறோர் ஊரில் விழும். மழைக்குப் பின் கண்மாய்க்கரையில் பார்த்தால் ஒரே சாணிக் கட்டியிலிருந்து நாலைந்து கன்றுகள் நெருக்கியடித்துக் கிளம்பியிருக்கும். கோடியக்கரையில் இதே வேலையை வெளிமான் செய்கிறது. மிச்சத்தை வெள்ளம் சுமக்கிறது.

வானம் பொய்த்த இராமநாதபுரத்தில் இந்த மரம்தான் பல குடும்பங்களுக்கு அடுப்பெரித்தது. கட்டைகளை அடுக்கி, மண்ணால் மூடி, நாள்கணக்கில் புகையவிடும் கரிமூட்டம் அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது. வெட்ட வெட்ட மரம் குறைந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஒற்றைத் தண்டை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல தண்டுகள் துளிர்க்கும்.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. இப்போது இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்குகிறார்கள். ஆனால் கண்மாய் மண்ணில் கிடக்கும் விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கே கன்று தலைகாட்டுகிறது.