கூப்பிட்டால் யார் கேட்பது?

போட்டில் டிஜிட்டல் ரேடியோவும் ஆன்டெனாவும் எப்படி மாட்டுகிறார்கள் என்று குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க அது டைட்டானிக்கில் போய் நின்றது.

1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக்கின் மார்கோனி கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அருகில் நின்ற கலிஃபோர்னியன் கப்பலின் ஒரே ஆபரேட்டர், மோதலுக்குச் சற்று முன்னால்தான் செட்டை அணைத்துவிட்டுப் படுத்திருந்தார். சுமார் 50 கடல் மைலுக்கு அப்பால் கார்பேதியாவின் ஆபரேட்டரும் படுக்கப் போகிற நேரம்தான். தற்செயலா காதில் ஹெட்போன் இருந்தது. 700-க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தது அதனாலதான்.

ஆக, பிரச்சினை பேசுவதில் இல்லை, கேட்பதில். 1914-ல் லண்டனில் உருவான முதல் சோலாஸ் ஒப்பந்தம் இரவு பகலாக ரேடியோவைக் கவனிக்கும் கடமையைக் கொண்டுவந்தது. அப்புறமும் பல வருஷம் மனிதக் காதை நம்பித்தான் கடல் இருந்தது. விஎச்எஃப் வந்த பிறகும் சேனல் 16-ஐ யாராவது கவனிக்கணும். இரைச்சல் தாங்காமல் வால்யூமைக் குறைத்துவிட்டால் கதை முடிந்தது.

1992 முதல் 1999 வரை படிப்படியாக வந்த ஜிஎம்டிஎஸ்எஸ் ஏற்பாடு இதை மாற்றியது. அதில் ஒரு பகுதி டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் அழைப்பு. மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பட்டனைச் சில நொடிகள் அழுத்தினால், படகின் எண்ணும் இருக்குமிடமும் சேனல் 70-ல் போகும். சுற்றியுள்ள செட்டுகள் தானாகவே அலறும். காது இப்போ மெஷினுடையது.

ஆனா செட்டை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. எம்எம்எஸ்ஐ என்கிற 9 இலக்க எண்ணை (இந்தியப் படகுகளுக்கு 419-ல் தொடங்கும்) உள்ளே ஏற்றாவிட்டால் அந்தப் பட்டன் வெறும் பட்டன்தான். ஜிபிஎஸ் இணைப்பு இல்லையென்றால் ஆபத்து என்று தெரியும், எங்கே என்று தெரியாது.

அடுத்தது ஆன்டெனா. விஎச்எஃப் ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால் உயரம்தான் தூரம். இரண்டு படகிலும் 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் எட்டுவது 16 கிலோமீட்டர் போல. கரையில் 100 மீட்டர் டவர் இருந்தால் 50 வரை வரும். கேபிளும் முக்கியம்: மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 15 மீட்டர் இழுத்தால் பாதி பவர் வழியிலேயே போய்விடும். இணைப்பில் உப்புத்தண்ணி இறங்கினால் மிச்சமும் போச்சு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் பல, கரை டவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. அங்கே விஎச்எஃப் பக்கத்துப் படகுக்குத்தான் கேட்கும். கரைக்குக் கேட்க சாட்டிலைட் வேணும். அதனால் எந்த ரேடியோ வாங்கலாம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு தூரம் போறீங்க?