எதுக்கெடுத்தாலும் 'இல்லை'ன்னா அஞ்சு காசு அபராதம்: மானூர் கல்வெட்டும் நம்ம அசோசியேஷனும்

உங்க அபார்ட்மென்ட் மீட்டிங்கில் எதைச் சொன்னாலும் "முடியாது" என்கிற ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். லிஃப்ட் ரிப்பேரா, முடியாது. மழைநீர்த் தொட்டியா, அதுவும் முடியாது. வேப்பமரத்தை வெட்ட வேண்டாம், கிளையை மட்டும் கழிக்கலாம்னு சொன்னா, அதுக்கும் முடியாது. இப்படிப்பட்டவரை என்ன செய்றதுன்னு திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்று சுமார் 1,200 வருஷத்துக்கு முன்னாடியே கூடிப் பேசி, தீர்மானம் போட்டு, கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. அபராதம் ஐந்து காசு. அதுவும் ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனியாக.

அந்த ஊர் மானூர். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போற ரோட்டில், வடக்கே ஏறக்குறைய பதினஞ்சு கிலோமீட்டர். தாமிரபரணியில் போய்ச் சேரும் சிற்றாற்றுத் தண்ணீர்தான் அந்த ஊர்ப் பெரிய குளத்தை நிரப்புகிறது. கல்வெட்டில் ஊரின் பெயர் மானநிலைநல்லூர், களக்குடி நாட்டில் ஒரு பிரம்மதேயம். அதாவது பிராமணர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்ட ஊர். பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில் இந்த ஊர் மகாசபை கூடி, "நம்ம சபையில் யார் உட்காரலாம்" என்பதை முடிவு செய்தது. காலம் கி.பி. 800ஐ ஒட்டி இருக்கலாம்னு சொல்றாங்க.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். எந்த ஒரு சிஸ்டத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, யாருக்கு லாகின் இருக்கு, யாருக்கு என்ன பர்மிஷன் இருக்கு என்பதைத்தான். மானூர் கல்வெட்டு முழுக்க முழுக்க ஒரு பர்மிஷன் பட்டியல். விதிகளைப் பாருங்க.

ஒன்று, ஊரில் பங்கு வைத்திருப்பவர்களின் பிள்ளைகளில், ஒரு பங்குக்கு ஒருத்தர் மட்டும்தான் சபைக்கு வரலாம். அவர் நல்ல நடத்தை உள்ளவராக, மந்திர பிராமணமும் ஒரு தர்ம சாஸ்திரமும் படித்தவராக இருக்க வேண்டும். இரண்டு, பங்கை விலைக்கு வாங்கினாலும், தானமாகப் பெற்றாலும், ஸ்திரீதனமாக வந்தாலும் முழு உறுப்பினர் இடம்தான் உண்டு. கால், அரை, முக்கால் உறுப்பினர் என்று எதுவும் கிடையாது. மூன்று, பங்கை விலைக்கு வாங்கினவர்கள் ஒரு வேதத்தை அதன் பரிசிஷ்டங்களோடு முழுக்கக் கற்றவரைத்தான் அனுப்ப வேண்டும். நான்கு, முழு உறுப்பினர் தகுதி இல்லாதவர்கள் எந்த வாரியத்திலும் இருக்க முடியாது. வாரியம்னா இன்றைய கமிட்டி. ஐந்து, தகுதியோடு உள்ளே வந்தவர்களும் ஒவ்வொரு பேச்சுக்கும் 'இல்லை, இல்லை' என்று சொல்லித் தடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அவர்களும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் ஐந்து காசு கட்ட வேண்டும். கட்டின பிறகும் அதே விதிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும்.

மூன்றாவது விதியை இன்னொரு தடவை பாருங்க. புதிதாகப் பங்கு வாங்கி வந்தவருக்குப் பரீட்சை இன்னும் கடினம். பழைய குடும்பங்கள் கதவைப் பாதி மூடி வைக்கிற வேலை இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்திரீதனமும் அப்படித்தான். சொத்து பெண் வழியாக வருகிறது, நாற்காலி ஆணுக்குப் போகிறது.

ஐந்து காசு சின்னத் தொகையா? இதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே ஒரு கணக்கு கிடைக்கிறது. அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயில் செலவுக்காக அரசர் 290 காசை இளங்கோக்குடி சபையிடம் ஒப்படைக்கிறார். முதலைத் தொடக் கூடாது, வட்டியில்தான் செலவு. ஒரு காசுக்கு வருஷத்துக்கு இரண்டு கலம் நெல், மொத்தம் 580 கலம். நம்ம அசோசியேஷன்களில் கார்ப்பஸ் ஃபண்டு என்று வைக்கிறோமே, அதேதான். அந்தக் கணக்குப்படி பார்த்தால், மானூரில் ஒரு தடவை வீம்பு பிடிப்பதன் விலை, வருஷத்துக்குப் பத்து கலம் நெல் தரக்கூடிய தொகை. வலிக்கிற அபராதம்தான்.

அரசரே பணத்தை நம்பிக் கொடுக்கிற அளவுக்கு இந்தச் சபைகளுக்கு மதிப்பு இருந்தது. மானூருக்கு நூறு வருஷம் கழித்து, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிற உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டின புகழ்பெற்ற கல்வெட்டுகளில் இது இன்னும் விரிவாக வருகிறது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் ஆள் எடுத்தார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் வர முடியாது. தண்ணியும் மரமும் கணக்கும்: இன்றைக்கு எந்தக் குடியிருப்போர் சங்கத்திலும் சண்டை வருகிற அதே மூன்று விஷயங்கள். ஆனால் அங்கேயும் உள்ளே வர, கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும்.

இந்தக் கல்வெட்டுகளைக் காட்டி "நம்ம ஊர்தான் ஜனநாயகத்தின் தாய்வீடு"ன்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. விதிகள் புத்திசாலித்தனமானவை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்கும் குளத்தில் மண் அள்ளினவர்களுக்கும் சபையில் இடம் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கிற ராஜராஜனின் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி. அதே ஊர்தான். குடியிருப்பு மட்டும் வேறு வேறு. பங்கு இருந்தால் பேச்சு, பங்கு இல்லாவிட்டால் உழைப்பு மட்டும்.

அந்த விதி செத்துப் போச்சான்னு கேட்டா, தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் மேலே ஏறிப் பார்க்கணும். மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. கீழே சமவெளியிலிருந்து ஏறிப்போன குடும்பங்கள் தேயிலை போட்டார்கள். லைன் வீடுகளில் நான்கு தலைமுறை வாழ்ந்தார்கள். 1999 ஜூலை 23ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டும் கைதான தொழிலாளர்களை விடுவிக்கச் சொல்லியும் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தபோது போலீஸ் தடியடி நடத்தியது. ஆற்றுப் பக்கம் ஓடியவர்களில் 17 பேர் இறந்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. 2024ல், குத்தகை முடிய நான்கு வருஷம் இருக்கும்போது, கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து, வீடுகளைக் காலி செய்யச் சொன்னது.

காடு மறுபடி காடாக வேண்டும் என்பதில் நியாயம் இருக்கு. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற மலை, அந்த மலைத் தண்ணிதான் கீழே நம்ம எல்லாரும் குடிக்கிறது. ஆனால் மரத்தையும் வீட்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசின பேச்சில் ஜமீனுக்கு இடம் இருந்தது, கம்பெனிக்கு இருந்தது, அரசுக்கு இருந்தது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் கோர்ட்டுக்குப் போய்த்தான் தன் குரலைக் கேட்க வைக்க வேண்டியிருந்தது. பங்கு இல்லாதவர் அவர்.

நகரத்துக்கு வருவோம். அபார்ட்மென்ட் அசோசியேஷன் என்பது சட்டப்படி உரிமையாளர்கள் சங்கம். இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிற நீங்களும் என்னை மாதிரி வாடகை வீட்டில் இருந்தால், மெயின்டனன்ஸ் உங்க பாக்கெட்டிலிருந்து போகும். தண்ணி லாரி வராத அன்னைக்குக் குடத்தோட நிற்கிறதும் நீங்கதான். மீட்டிங்கில் ஓட்டு மட்டும் வேற ஊரில் இருக்கிற ஓனருக்கு. மானூர் மொழியில் சொன்னா, நமக்குக் கால் பங்குகூட இல்லை.

ஆனால் மானூர் சபைக்குத் தெரியாத ஒரு கதவு இன்றைக்கு இருக்கு. கிராமத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாருமே கிராம சபை உறுப்பினர்கள். வேதமும் கேட்க மாட்டார்கள், வேலியும் கேட்க மாட்டார்கள். நகரத்துக்கும் இதே மாதிரி ஏரியா சபையும் வார்டு கமிட்டியும் அமைக்கத் தமிழ்நாடு அரசு 2022ல் விதிகள் கொண்டுவந்தது. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, நகரங்களில் முதல் கூட்டங்கள் நடந்தன. திருநெல்வேலி மாநகராட்சியில் 55 வார்டு. தெருவிளக்கு, சாக்கடை, ரோட்டோர மரம், பூங்கா எல்லாம் அங்கே பேச வேண்டிய விஷயங்கள்தான். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016லேயே சட்டம் வந்துவிட்டது. ஸ்திரீதனத்துக்கு மட்டும் மரியாதை கொடுத்த சபையிலிருந்து நாம் வந்திருக்கிற தூரம் அது.

இதில் ஒரே ஒரு சிக்கல். நம்மில் பாதிப் பேர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கோம், ஓட்டு மட்டும் இன்னும் ஊரில் இருக்கு. குடியிருக்கிற தெருவில் நமக்குப் பேர் இல்லை, பேர் இருக்கிற தெருவில் நாம் இல்லை. வீடு மாறினால் படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றலாம், ஆன்லைனிலேயே முடியும். உங்க தெரு வேப்பமரத்துக்காகப் பேச அந்த ஒரு படிவம்தான் தகுதி. மாற்றிட்டு அடுத்த ஏரியா சபைக்குப் போங்க. அங்கேயும் எல்லாத்துக்கும் "முடியாது" என்று ஒருத்தர் சொல்வார். அபராதம் போட முடியாது, பொறுமையா உட்கார்ந்து பதில் சொல்லுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.