நார்தாம்ப்டனின் ஹாஃப் பேக்

இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில் ஃபோக்ஸ்டன் என்னும் கடற்கரைப் பட்டணத்தில் 1888-ஆம் ஆண்டு ஏப்ரலில் பிறந்த வால்டர் டல்லைப் பற்றி இக்காலத்தில் எழுதுகிறவர்கள், பெரும்பாலும் அவர் யுத்தகளத்தில் அணிந்திருந்த உடுப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். அதில் பிழையில்லை, ஆனால் ஜீவனத்துக்கென்று அவர் கைக்கொண்டது கால்பந்து.

தந்தை டேனியல், பார்படோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய தச்சர். டேனியலின் தகப்பனாரோ அத்தீவில் அடிமையாய் இருந்தவர். தாய் ஆலிஸ், கென்ட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண்மணி. பத்துப் பிராயம் நிரம்புமுன்னரே தாய் தந்தை இருவரையும் இழந்த சிறுவனை, சிற்றன்னையால் காப்பாற்ற இயலாமற் போகவே, தமையன் எட்வர்டுடன் லண்டன் பெத்னல் கிரீனில் மெதடிஸ்ட் சபையார் நடத்திவந்த அநாதை விடுதியில் சேர்த்தார்கள். பின்னர் தமையனைக் கிளாஸ்கோ நகரத்துக் குடும்பமொன்று சுவீகரித்துக்கொண்டது. அவர் பல் வைத்தியரானார். தம்பி அச்சுத் தொழில் பழகினார்.

கிளாப்டன் என்னும் அமெச்சூர் அணியில் 1908-இல் சேர்ந்து, ஒரே பருவத்தில் அவ்வணி மூன்று கோப்பைகளை வென்றதில் பங்குகொண்ட இந்த வாலிபரை, மறு ஆண்டே டாட்டன்ஹாம் அணியார் அர்ஜென்டினா, உருகுவே தேசங்களுக்கு அழைத்துச் சென்று, சம்பளத்துக்கும் அமர்த்தினர். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரே சொந்த மைதானத்தில் அவர் ஆடியதைக் கண்ட பத்திரிகை நிருபர் ஒருவர் வியந்து குறித்த விஷயம் நுட்பமானது: பந்து காலுக்கு வந்ததும் தள்ளிவிடாமல் இமைப்பொழுது தாமதித்து, தடுக்க வருகிறவன் தவறான இடத்துக்கு நகர்ந்த பிறகே, வேண்டிய விசைக்குக் கூடாமலும் குறையாமலும் தோழனிடம் சேர்ப்பாராம். நிதானம் என்பதைக் கற்றுக்கொடுக்க முடியுமோ என்னவோ. இவரிடம் அது சுபாவமாகவே இருந்தது.

அவ்வாண்டு அக்டோபரில் பிரிஸ்டலில் நடந்த பந்தயத்தில், ஜனக்கூட்டத்தில் ஒரு பகுதியினர் அவருடைய நிறத்தைச் சொல்லி ஏசிய ஏச்சு, மீன் சந்தைப் பேச்சையும் தோற்கடிப்பதாயிருந்தது என்று மற்றொரு பத்திரிகையாளர் எழுதினார். அன்று களத்தில் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரர் இவரே என்றும் அவரே எழுதினார். அதன்பின் முதல் அணியில் அவருக்குக் கிடைத்த சந்தர்ப்பங்கள் சொற்பம். டாட்டன்ஹாமுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தமே பத்து. ஏசியவர்கள் கலைந்து வீடு போய்ச் சேர, ஏச்சுக் கேட்டவர் இரண்டாம் அணியில் போய் உட்கார்ந்தார் என்பதை அணி நிர்வாகிகளின் கீர்த்திக்குரிய செயலாக நான் கருதவில்லை.

1911-இல் அவரை நார்தாம்ப்டனுக்கு வரவழைத்தவர், பிற்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உச்சத்துக்கு உயர்த்திப் பிரசித்தி பெற்ற ஹெர்பர்ட் சாப்மன். ஐவர் முன்னணியிலும் இருவர் பின்னணியிலும் நிற்க, இடையில் மூன்று ஹாஃப் பேக்குகள் ஓயாமல் உழைத்த காலம் அது. எதிரியின் தாக்குதலை மறிப்பதும், மறித்த பந்தை அடுத்த கணமே தம்மவர் தாக்குதலுக்கு வித்தாக்குவதும் அவர்கள் கடமை. முன்னணிக்காரராக வந்த டல் இந்த நடுக்களத்துக்குப் பின்வாங்கியபோதுதான், நிருபர் வியந்த அந்த இமைப்பொழுதுத் தாமதத்துக்கு உரிய இடம் கிடைத்தது. சாப்மன் 1912-இலேயே லீட்ஸுக்குப் போய்விட்டாலும், டல் தங்கி நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

முதல் உலக யுத்தம் மூண்டபின், 1914 டிசம்பரில் கால்பந்தாட்டக்காரர்களுக்கென்றே அமைந்த மிடில்செக்ஸ் 17-ஆம் பட்டாளத்தில் சேர்ந்தார். வேற்று நிறத்தார் அதிகாரி பதவி வகிக்கலாகாது என்று ராணுவ விதிநூல் தடுத்திருக்க, 1917 மே மாதம் அவர் இரண்டாம் லெஃப்டினன்ட் ஆக்கப்பட்டு, இத்தாலியில் வெள்ளையர் படைப்பிரிவை நடத்திச் சென்றார். 1918 மார்ச் 25-ஆம் தேதி பிரான்சில் ஃபாவ்ரெய் அருகே குண்டு பட்டு வீழ்ந்தார், வயது இருபத்தொன்பது. டாம் பில்லிங்ஹம் என்னும் சிப்பாய், முன்னாள் கோல்கீப்பர், அவருடைய தேகத்தை மீட்கப் பாடுபட்டும் பலிக்கவில்லை. ஆராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

நார்தாம்ப்டன் அணியார் 1999-இல் தங்கள் மைதானத்தருகே அவருக்கு நினைவுச் சின்னம் நிறுவினார்கள். அங்குள்ள சாலையொன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. டாட்டன்ஹாம் வீரர் என்று தொடங்கி அவர் வரலாற்றை எழுதுவது வழக்கமாகிவிட்டது. பத்து ஆட்டம் தந்த ஊரைப் பின்னுக்குத் தள்ளி, நூறு ஆட்டம் தந்த ஊரை முதலில் எழுதுவதே முறை.