சூதின் வரலாறும் நம் இளைஞரும்



கைலி நெசவால் பெயர்பெற்ற நமது குறிஞ்சிப்பாடியில், தறிக்குழியில் அமர்ந்து நாள் முழுதும் உழைத்தாலன்றிக் கூலி கிட்டாதென்பது யாவரும் அறிந்ததே. 1956-ம் ஆண்டில் அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டபின், மாதச் சம்பளமும் இப்பக்கத்து இல்லங்கள் சிலவற்றுக்கு வரலாயிற்று. இவ்வாறு உழைத்தீட்டிய பொருளை ஓரிரவிற் கொண்டுபோகும் சூதென்னும் கேடு, வேடம் மாறி வந்த வரலாற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

சூதின் தீமை நம் முன்னோர் அறியாததன்று. திருவள்ளுவர் பொருட்பாலில் ஓர் அதிகாரத்தையே அதற்கென வகுத்தனர். அதன் தொடக்கத்தில் சூதின் வெற்றியையே அவர் விலக்கினமை கருதத்தக்கது. முதலிற் சிறிது வென்றவனே பின்னர் விடமாட்டாது முழுதும் இழக்கின்றான்.

ஆங்கில ஆட்சியில் எழுந்த 1930-ம் ஆண்டுச் சென்னைச் சூதாட்டச் சட்டம், சூதாட்ட விடுதிகளைத் தண்டித்தது. எனினும் திறமையால் மட்டும் ஆடப்பெறும் ஆட்டங்களுக்கு விலக்களித்தது. அவ்விலக்கே பிற்காலத்தில் வாயிலாயிற்று. 1967-ல் செகந்திராபாத் கிளப்பு ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையாட்டமே எனச் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டிலேயே நம் இராஜ்ய சர்க்காரும் பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கினர். சர்க்கார் விற்பது சூதாகுமோ என ஏழைகள் வாங்கினர். பல குடும்பங்கள் நலிந்தபின், 2003-ல் பரிசுச் சீட்டு விற்பனை தடுக்கப்பெற்றது.

சீட்டாடக் கிளப்பைத் தேடிச் சென்ற காலத்தில் ஊரார் கண் ஒரு காவலாயிருந்தது. இன்றோ பெற்றோர் உறங்குகையில், மகன் கைப்பேசியிலேயே ஆடித் தோற்கின்றான். 2021-ல் தமிழக சர்க்கார் செய்த தடைச் சட்டத்தைச் சென்னை ஹைகோர்ட்டார் அவ்வாண்டே தள்ளினர். நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப்பின் எழுந்து 2023-ல் அமலான சட்டத்திலும், ரம்மி, போக்கர் ஆட்டங்கள் மீதான தடை அவ்வாண்டு நவம்பரில் செல்லாதாயிற்று. 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் யாவற்றையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் அதில் விதிக்கப்பெற்றன. ஆடி இழந்தவனுக்கோ அது தண்டனை விதிக்கவில்லை.

இக்கடைசிச் செய்தியை நம் குலப் பெரியோர் ஊன்றி நோக்குவாராக. திறமையா, அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றத்தின் வினா; வாரக் கூலி வீடு வந்ததா என்பதே தாயின் வினா. இழந்த இளைஞன் மீட்கும் ஆசையாற் கடன் வாங்குகின்றான். வெட்கத்தால் அதனை மறைக்கின்றான். மறைத்த கடன் வளர்ந்து, இந்நாட்டிற் சிலர் உயிரையும் மாய்த்துக்கொண்டனர். ஆதலின் பெற்றோர் வைது துரத்தாது, கடன் முழுமையும் கேட்டறிந்து, அதைத் தீர்க்கும் பொறுப்பில் துணைநிற்பாராக. ஆட்டத்துக்கு மட்டும் ஒரு காசும் ஈயாதிருப்பாராக. இளைஞரும் உண்மையை ஒளியாது உரைப்பாராக.

சட்டம் வாயிலடைக்கும், வீட்டினுள் விளக்கேற்றுவது நம் கடமையேயாம்.